சில்லுகளைச் சில்லறையாக வாங்குதல்

கருவி ஒன்றைச் செய்யப் புகும் மாணவன் முதலில் அதன் மின்சுற்றை வரைகின்றான். பின்னர் அதற்கு வேண்டிய நிரலை எழுதுகின்றான். அதன்பின் சோதனைப் பலகையில் ஒன்றைக் கட்டி, அது செவ்வனே இயங்கக் கண்டு மகிழ்கின்றான். அத்துடன் தன் வேலை முடிந்ததென அவன் எண்ணுதல் இயல்பே. ஆயினும், "இக்கருவி நன்று, இது போல நாற்பது செய்து தருக" என்று ஒருவர் கேட்கும் நாளில், அவன் அதுகாறும் கருதாத கேள்வி ஒன்று அவன்முன் வந்து நிற்கும். இக்கருவிக்குரிய உறுப்புகளை எவரிடத்து, எவ்விலைக்கு, எத்தனை நாளில் வாங்குவது என்பதே அது. நம் பாடநூல்கள் இதனைப் பற்றி யாதும் கூறுவதில்லை. ஆதலின், நாம் பட்டறிந்தவற்றையும் பிறர் வாயிலாக அறிந்தவற்றையும் மாணாக்கர் பொருட்டு ஈண்டு எழுதத் துணிந்தோம்.

நாம் கற்ற பாடம்

2019-ஆம் ஆண்டில் நம் பௌதிகப் பகுதி மாணவர் சிலரும் நாமும் கூடி, மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டிகளின் வெப்பநிலையை இடைவிடாது குறித்துவரும் சிறு கருவி ஒன்றைச் செய்தோம். தடுப்பூசி மருந்துகளுட் பல 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நிலையிலேயே வைத்துக் காக்கப்பட வேண்டியவை. வெப்பம் மிகுந்தால் அவை வலி இழக்கும். சில மருந்துகளோ உறைந்துவிட்டாலும் பயனற்றுப் போகும். எனவே அக்கருவி பொய்யுரைத்தல் ஆகாது. முதலிற் செய்த பன்னிரண்டும் நன்கு இயங்கின. 2021-ஆம் ஆண்டில் மருத்துவமனை ஒன்றிலிருந்து இன்னும் நாற்பது வேண்டுமென்று கேட்டனர். நாமும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டோம்.

உறுப்புகளை வாங்கப் புகுந்தபோதுதான் நம் அறியாமை வெளிப்பட்டது. கருவியின் உயிர்நிலையாகிய வெப்பமானிச் சில்லு எந்த விநியோகஸ்தரிடமும் கைவசம் இல்லை. 52 வாரங் காத்திருக்க வேண்டும் என்றனர். மருத்துவமனையாருக்கு வாக்களித்துவிட்ட நாம், வேறு வழி காணாது, அயல்நாட்டு இடைத்தரகர் ஒருவரிடம் முன்னைய விலையைப் போல் நான்கு மடங்கு கொடுத்து ஐம்பது சில்லுகளை வரவழைத்தோம். அவை பார்வைக்குப் புதியனவாகவே இருந்தன. பலகையிற் பொருத்தினோம், எல்லாக் கருவிகளும் எண்களைக் காட்டின.

நல்வினைப் பயனாக, அனுப்புமுன் அவற்றைப் பனிக்கட்டியிற் சோதிப்போம் என்று மாணவர் ஒருவர் வற்புறுத்தினார். நல்ல நீரால் ஆகிய பனிக்கட்டியைத் தூளாக்கி, சிறிது நீர் சேர்த்து, வெப்பங் காக்கும் குடுவையிலிட்டுக் கலக்கினால், அது 0 டிகிரியில் நிலைபெறும் என்பது யாவரும் அறிந்ததே. அதனுள் இட்ட கருவிகளுட் சில சரியாகவே காட்டின. சில 2 டிகிரி என்றும், சில 3 டிகிரி என்றும் காட்டின. உற்பத்தியாளர் உறுதி கூறிய பிழை எல்லையோ அரை டிகிரியே. மருந்து உறைந்து கெட்டுக்கொண்டிருக்கையில், "எல்லாம் நலம்" என்று சொல்லும் கருவியை நாம் நாற்பது இடங்களுக்கு அனுப்ப இருந்தோம்! அச்சில்லுகள் போலி என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கொடுத்த பொருள் மீளவில்லை. அன்று தொட்டு நாம் கொண்ட கருத்து ஒன்றே: ஓர் உறுப்பின் மின்னழுத்தமும் வேகமும் எவ்வாறு அதன் குணங்களோ, அவ்வாறே அது கிடைக்கும் வழியும் அதன் குணங்களுள் ஒன்றாம். அதனை அறியாது வரைந்த மின்சுற்று பாதி வரைந்ததே.

ஆலையின் கணக்கு

சிறு அளவில் வாங்குவோர், சில்லுக் கம்பெனிகள் தம்மை மதிப்பதில்லை என்று குறைகூறுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கடிதத்திற்கு விடையில்லை, விடை வரினும் "ஆண்டிற்கு எத்தனை லட்சம் வாங்குவீர்?" என்ற வினாவே வருகிறது. இது செருக்கினால் வருவதெனக் கருதுதல் தவறு. ஆலையின் கணக்கை நோக்கின் காரணம் விளங்கும்.

சில்லுகள் தனித்தனியே செய்யப்படுவன அல்ல. சிலிக்கன் பளிங்கிலிருந்து அறுத்த வட்டத் தகடுகளின்மேல் அவை வரிசை வரிசையாக ஒருங்கே உருவாகின்றன. இன்று பெரிய ஆலைகளில் வழங்கும் தகட்டின் விட்டம் 300 மில்லிமீட்டர். பக்கத்திற்கு 2 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு சில்லாயின், அத்தகைய தகடு ஒன்றில் ஏறக்குறைய 15,000 சில்லுகள் அமையும். ஆலையில் 25 தகடுகளை ஒரு தொகுதியாகக் கொண்டு நடத்துவது வழக்கம். அவ்வாறாயின், ஒரு தொகுதி முடிவில் மூன்றே முக்கால் லட்சம் சில்லுகள் வெளிவரும். தகடு ஆலைக்குட் புகுந்து, நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து, அறுபட்டு, உறையிடப்பட்டு, சோதிக்கப்பட்டு வெளிவர மூன்று திங்களோ அதற்கு மேலோ ஆகும். இத்தகைய ஆலைக்கு நம் நாற்பது எம்மாத்திரம்? நூற்பாலைக்குச் சென்று, கிழிந்த சட்டையைத் தைக்க ஒரு முழம் நூல் கேட்பது போன்றதே அது.

அன்றியும், சில்லின் விலையை விட வாங்குவோனுக்கு உதவுவதில் ஆகும் செலவு பெரிது. ஐயங்களுக்கு விடையளிக்கும் பொறியாளர் ஒருவரின் ஒரு மணி நேரச் சம்பளமே, நாம் வாங்கும் மொத்தச் சில்லுகளின் விலையை விஞ்சிவிடும். ஆதலின் கம்பெனியார் தம் பொறியாளரைப் பெரிய கொள்முதல்காரரிடத்து அனுப்பி, நம் போன்றோர்க்கு விவரத்தாளையும் மாதிரிப் பலகையையும் அளித்து ஒதுங்குகின்றனர். இதனை உணர்ந்தவன் சினம் கொள்ளான். தனக்கென அமைந்த வாயில் எது என்று தேடுவான்.

இடைநின்று உதவுவோர்

அவ்வாயில் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரே. உற்பத்தியாளரிடமிருந்து நேரே ஆயிரக்கணக்கில் வாங்கி, நமக்கு ஒன்றாகவும் பத்தாகவும் பிரித்து விற்பவர் இவர். இத்தொழில் நெடுநாளைய வரலாறு உடையது. இன்று பெரு நிறுவனமாக விளங்கும் ஆவ்நெட், 1921-இல் நியூயார்க்கு நகரில் ரேடியோ உறுப்புகள் விற்கும் வாணிகமாகத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் 1937-இல், ரேடியோப் பெட்டிகளுக்கு மாற்று உறுப்புகள் தருவதற்கென்று ரேடியோஸ்பேர்ஸ் என்னும் பெயரால் தோன்றியதே இன்றைய ஆர்.எஸ். நிறுவனம். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், 1972-இல், தந்திக் குறிகள் அனுப்பும் ரேடியோ ஆர்வலர்க்கான சிறு கருவித் தொகுப்பு ஒன்றை விற்றதிலிருந்து வளர்ந்தது டிஜி-கீ.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உவப்பளிக்கும் வரலாறு மௌசர் நிறுவனத்தினுடையது. கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிப் பௌதிக ஆசிரியராக இருந்த ஜெர்ரி மௌசர் என்பார், தம் மாணவர் பயிற்சிக்கு வேண்டிய உறுப்புகள் சிறு அளவிற் கிடைக்காமை கண்டு, 1964-இல் தாமே அவற்றை வரவழைத்து விற்கத் தொடங்கினார். வகுப்பறையிற் கண்ட குறை ஒன்று உலகெங்கும் கிளை பரப்பிய வாணிகமாயிற்று.

விநியோகஸ்தர் செய்யும் உதவி என்னையெனின்: சில்லுகள் ஆலையிலிருந்து நாடாவிற் பதிக்கப்பட்டு, சுருள் சுருளாக வருகின்றன. எட்டுக் கால்களையுடைய சிறு சில்லாயின் ஒரு சுருளில் 2,500 இருத்தல் பெரும்பான்மை. சிறிய மின்தடையாயின் 5,000 இருக்கும். விநியோகஸ்தர் அந்நாடாவை நமக்கு வேண்டிய அளவில் வெட்டித் தருகின்றார். அவ்வாறு வெட்டிய துண்டை, பொருத்தும் இயந்திரத்தில் நேரே இட இயலாமற் போகலாம். அதற்கெனச் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு தனிச் சுருளாக்கித் தருவாரும் உளர். பலகையைப் பிறரிடம் கொடுத்துப் பொருத்துவிப்போர் இதனை முன்னரே கேட்டறிதல் நலம்.

விலைப் பட்டியலைக் காணும் மாணவர் திகைப்பதுண்டு. ஒன்று வாங்கின் 100 ரூபாய் என்றும், ஆயிரம் வாங்கின் 60 ரூபாய் என்றும் இருப்பதாகக் கொள்வோம். நாற்பது வாங்கும் நாம் ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் அதிகம் கொடுத்தோம் என்று வருந்துவர். அதனை மிச்சப்படுத்த ஆயிரம் வாங்கினால் 60,000 ரூபாய் முடங்கிக் கிடக்குமே! சிறு அளவிற் செய்வோர்க்கு உறுப்பின் விலை கணக்கின் சிறு பகுதியே. பலகையை மீண்டும் வரைதல், நிரலை மாற்றுதல், அனுப்புகூலி, சுங்கம், காத்திருக்கும் நாட்கள் ஆகிய இவையே பெருஞ்செலவு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் முன்னோர். சில்லின் விலையை மட்டும் அளப்பவன் அளந்தவனாகான். இருபது உறுப்புகளை இருபது முறை வரவழைப்பதை விட, பட்டியல் முழுவதையும் ஒரே முறையில் ஒரே இடத்தில் வாங்குவது அனுப்புகூலியையும் சுங்க வேலையையும் குறைக்கும்.

உற்பத்தியாளரை நேரே அணுகுதல்

இனி, உற்பத்தியாளரையே அணுகும் முறையைக் காண்பாம். முன்னாளில் இது சிறியோர்க்கு அரிதாய் இருந்தது. இப்போது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், மைக்ரோசிப் முதலிய சில கம்பெனிகள் தம் வலைத்தளங்களிலேயே சிறு எண்ணிக்கையிலும் விற்கின்றன. சில கம்பெனிகள் மாதிரிச் சில்லுகள் சிலவற்றை விலையின்றியும் அனுப்புகின்றன. கல்லூரி முகவரியிலிருந்து எழுதும் விண்ணப்பத்திற்கு இதில் மதிப்பு உண்டு. ஆனால் இலவச மாதிரி சோதனைக்கே உரியது. அதனை நம்பி நாற்பது கருவி செய்ய முற்படுதல், விருந்தில் உண்ட சோற்றைக் கொண்டு குடும்பம் நடத்த எண்ணுதலை ஒக்கும்.

கம்பெனிக்கு எழுதுங்கால் உள்ளதை உள்ளவாறே எழுதுக. ஆண்டிற்கு நாற்பது வேண்டுவோர் நாற்பதாயிரம் என்று எழுதுதலும் உண்டு. முதற் கடிதத்திற்கு மறுமொழி விரைந்து வரும். ஆயின் பொய் வெளிப்பட்டபின் இரண்டாங் கடிதத்திற்கு விடை வாராது. நாம் யார், செய்யுங் கருவி யாது, எந்நிலையில் உள்ளது, எத்தனை வேண்டும், விவரத்தாளின் எப்பக்கத்தில் ஐயம் என்று சுருங்க எழுதினால், மனமிரங்கி விடையளிக்கும் பொறியாளர் பலர் உளர். அவர்கள் நடத்தும் பொது வினாவிடை மன்றங்களில் நம் ஐயத்திற்கு முன்னரே விடை எழுதியிருத்தலும் கூடும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை கூறுதல் வேண்டும். எந்தச் சில்லின் முழு விவரத்தாள் யாவரும் காண வெளியிடப்பட்டுள்ளதோ, அதனையே சிறியோர் தேர்தல் வேண்டும். செல்பேசிகளுக்கும் படக்கருவிகளுக்குமான பெருஞ்சில்லுகள் பலவற்றின் விவரங்கள், இரகசிய ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டார்க்கே தரப்படும். அவ்வொப்பந்தமும் பெருந்தொகை வாங்குவார்க்கே கிட்டும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி 2012-இல் வெளிவந்தபோது, பிராட்காம் கம்பெனியின் இத்தகைய சில்லு ஒன்றைக் கொண்டிருந்தது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய எபன் அப்டன் அக்காலத்தில் அக்கம்பெனியிலேயே பணியாற்றியவர். எல்லார்க்கும் அத்தகைய உள்வாயில் அமைவதில்லை.

ஆனாலும் இதற்கொரு நல்வழி உண்டு. கிடைத்தற்கரிய சில்லை ஏற்கனவே பொருத்தி, சோதித்து, சிறு பலகையாகவே விற்பவற்றை மாட்யூல் என வழங்குவர். கம்பியில்லாத் தொடர்பு வேண்டுவோர் சில்லை வாங்கித் தாமே வானலைப் பகுதியை அமைக்க முயல்வதினும், ஷாங்காய் நகரத்து எஸ்பிரெசிஃப் முதலிய கம்பெனிகள் செய்யும் மாட்யூலை வாங்குதல் எளிது. வானலைக்குரிய சோதனைகளையும் சான்றுகளையும் பெறுவதில் நேரும் தொல்லையிற் பெரும்பகுதி இதனால் நீங்கும். விலை சிறிது மிகும். காலமோ பன்மடங்கு மிஞ்சும்.

2020 முதல் 2022 வரை

நம் வெப்பமானிச் சில்லு கிடையாமற் போனது தனி நிகழ்ச்சியன்று. உலகனைத்தும் அப்போது சில்லுப் பஞ்சத்தில் ஆழ்ந்திருந்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியதும், வண்டிகள் விலைபோகா என்றஞ்சிய மோட்டார்க் கம்பெனிகள் தாம் கேட்டிருந்த சில்லுகளை வேண்டாமென்றன. அதே வேளையில், வீட்டிலடைபட்ட மக்கள் கணினிகளையும் திரைகளையும் மிகுதியாக வாங்கினர்; ஆலைகள் அவ்வேலைக்குத் திரும்பின. ஆண்டிறுதியில் மோட்டார்க் கம்பெனிகள் மீண்டும் வந்தபோது ஆலைகளில் இடமில்லை. பட்ட காலிலே படும் என்பதற்கேற்ப, 2020 அக்டோபரில் ஜப்பானில் நொபெயோகா நகரத்து ஆசாஹி காசெய் கம்பெனியின் சில்லாலை தீப்பற்றியது. 2021 பிப்ரவரியில் கடுங்குளிரால் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் மின்சாரம் அற்று, சாம்சங், என்.எக்ஸ்.பி., இன்ஃபினியன் ஆலைகள் நின்றன. மார்ச்சு 19-இல் ஜப்பானின் நாகா ஆலையும் நெருப்புக்கிரையாயிற்று. ரெனேசாஸ் கம்பெனிக்குரிய அவ்வாலை மோட்டார்ச் சில்லுகளுக்குப் பேர்பெற்றது.

பஞ்சகாலத்தில் உற்பத்தியாளர் இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பர். அப்பங்கீட்டில் பல்லாண்டாகப் பெருந்தொகை வாங்கிவருவோர் முதலிடம் பெறுவர். நாம் வரிசையின் கடைசியில் நிற்போம். ஆயினும் சிறியோர்க்கும் ஒரு வலிமை உண்டு. பெரிய கம்பெனி தன் வடிவத்தை மாற்ற ஆண்டுகள் செல்லும்; நாமோ இரண்டு திங்களில் மாற்றிவிடலாம். 2021-இல் ராஸ்பெரி பை நிறுவனம் தானே வடிவமைத்த ஆர்.பி. 2040 என்னும் மைக்ரோகன்ட்ரோலரை ஒற்றையாகவும் ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, தாம் வழக்கமாக ஆண்ட சில்லைக் கைவிட்டு அதற்கு மாறிய சிறு வடிவமைப்பாளர் பலர். விரைந்து மாற வேண்டுமாயின், மாற்றத்திற்கு முன்னரே இடம் வைத்து வரைந்திருத்தல் வேண்டும். அதனை அடுத்துக் கூறுவாம்.

தேர்ந்தெடுக்கும் முறை

உறுப்பைத் தேருங்கால் கருத வேண்டியவை நான்கு.

முதலாவது, அதனைச் செய்வோர் எத்தனை பேர் என்பது. சிக்னெட்டிக்ஸ் கம்பெனிக்காக ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்து 1972-இல் விற்பனைக்கு வந்த 555 என்னும் காலங்காட்டும் சில்லை நம் மாணவர் யாவரும் அறிவர். அக்கம்பெனியை 1975-இல் பிலிப்ஸ் வாங்கிற்று. சிக்னெட்டிக்ஸ் என்ற பெயரே பின்னர் மறைந்தது. சில்லோ இன்றும் பல கம்பெனிகளால் ஒரே கால் வரிசையுடன் செய்யப்பட்டு வருகிறது. செய்வோர் பலராயிருத்தலே அதன் ஆயுளுக்குக் காரணம். பெரிய நிறுவனங்களும் இதனை வற்புறுத்துவன. 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி தன் கணினிக்கு இன்டெல் சில்லைத் தேர்ந்தபோது, அதனை வேறொருவரும் செய்ய வேண்டுமென்று கேட்டது. ஏ.எம்.டி. கம்பெனி அத்துறையில் நுழைந்த வழி அதுவே.

இரண்டாவது, உறுப்பின் வயது. ஒவ்வொரு சில்லுக்கும் பிறப்பும் இறப்பும் உண்டு. விநியோகஸ்தரின் பட்டியலில் "புதிய வடிவங்களுக்கு ஏற்றதன்று" என்ற குறிப்பைக் காணின் அதனைத் தொடாதே. உற்பத்தி நிறுத்தப்படுமாயின், ஜெடெக் என்னும் தொழில் அமைப்பின் நியமப்படி, இறுதியாகக் கேட்டுக்கொள்ள ஆறு திங்களும் இறுதியாகப் பெற்றுக்கொள்ளப் பன்னிரண்டு திங்களும் தவணை தருவது மரபு. அவ்வறிவிப்பு அங்கீகாரம் பெற்ற வழியில் வாங்கினோர்க்கே எட்டும்; சந்தையில் வாங்கினோர் அறியார். சில கம்பெனிகள் இன்ன சில்லைப் பத்தாண்டு அல்லது பதினைந்தாண்டு வரை செய்வோம் என்று முன்னரே வாக்களித்து வெளியிடுகின்றன. அப்பட்டியலை நோக்கித் தேர்க. கம்பெனிகள் கைமாறுவதையும் நினைவிற் கொள்க. டல்லாஸ் செமிகண்டக்டர் 2001-இல் மாக்சிம் வசமாயிற்று. மாக்சிம் 2021-இல் அனலாக் டிவைசஸ் வசமாயிற்று. பெயர் மாறினும் சில்லு தொடர்வதுண்டு, தொடராமையும் உண்டு.

மூன்றாவது, உறுப்பின் உருவமும் கால்களும். ஒரே வகையான அமைப்பில் பல கம்பெனிகளின் சில்லுகள் கிடைக்குமாயின், ஒன்று இல்லாதபோது மற்றொன்றை அமர்த்தலாம். அவ்வாறு ஒத்தது இல்லாதவிடத்து, பலகையிலே இரண்டு சில்லுகளுக்கும் இடம் வரைந்து, ஒன்றை மட்டும் பொருத்துக. அதற்கு ஆகும் செலவு சில சதுர மில்லிமீட்டர்ப் பலகையே. மின்தடை, மின்தேக்கி முதலியவற்றில் ஒரே கம்பெனியைக் குறிப்பிடாமல், அளவையும் பிழை எல்லையையும் தாங்கும் மின்னழுத்தத்தையும் மட்டும் குறித்தல் நன்று.

நான்காவது, கையிருப்பு. வரையத் தொடங்குமுன்னரே எத்தனை விநியோகஸ்தரிடம் எத்தனை உள்ளன என்று பார்க்க. வடிவம் முடிந்து சோதனையும் முடிந்ததும், அப்போது செய்யவுள்ள தொகுதிக்கு வேண்டிய அரிய சில்லுகளை உடனே வாங்கி வைக்க. எளிதிற் கிடைப்பவற்றைப் பின்னர் வாங்கலாம். வாங்கியவற்றைக் காத்தலும் அறிவொடு செய்ய வேண்டுவதே. பல சில்லுகளின் உறை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பற்றவைக்கும் சூட்டில் அவ்வீரம் ஆவியாகி உறையைப் பிளந்துவிடும். மூன்றாம் நிலை ஈர உணர்வுடையது எனக் குறிக்கப்பட்ட சில்லு, பை திறந்தபின் 168 மணி நேரத்திற்குள் பொருத்தப்பட வேண்டும். தவறின் குறித்த முறையில் உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இவ்விதியைப் புறக்கணித்தல் ஆகாது.

போலிகளை அறிதல்

எங்குப் பஞ்சம் உண்டோ, அங்குப் போலியும் உண்டு. பழைய பலகைகளிலிருந்து பெயர்த்த சில்லுகளைத் தேய்த்து, கருமை பூசி, புதிய பெயர் பொறித்து விற்பர். தரங்குறைந்ததை உயர்ந்ததெனப் பெயரிட்டு விற்பர். நாம் வாங்கியவற்றை உருப்பெருக்குக் கண்ணாடியில் நோக்கியபோது, மேற்பரப்பு ஒரு பக்கம் சொரசொரப்பாகவும், மூலையிலுள்ள குழி பாதி அடைபட்டும் இருந்தது. அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்தபோது பஞ்சு கறுத்தது. சில்லின்மேற் பெரும்பாலும் காணப்படும் நான்கு இலக்கங்கள் ஆண்டையும் வாரத்தையும் குறிப்பன. 2115 எனின் 2021-ஆம் ஆண்டின் பதினைந்தாம் வாரம் என்க. உற்பத்தி நிறுத்தப்பட்ட ஆண்டுக்குப் பிந்திய இலக்கம் காணின் ஐயுறுக.

போலியால் வருந்துவோர் வாங்கினோர் மட்டும் அல்லர். கணினியொடு கருவிகளை இணைக்கும் சில்லுகளைச் செய்யும் எஃப்.டி.டி.ஐ. என்னும் ஸ்காட்லாந்துக் கம்பெனி, தன் சில்லுகளைப் போன்ற போலிகள் பரவுதல் கண்டு, 2014-இல் தன் இயக்கு நிரலை மாற்றிற்று. அந்நிரல் விண்டோஸ் வழியாகப் பரவியதும், போலிச் சில்லு உள்ள கருவிகள் கணினிக்குத் தம்மை அறிவிக்கும் எண்ணை இழந்து செயலற்றன. தம் கருவிக்குள் போலி இருந்ததை அறியாத எளியோர் பலர் அதனால் துன்புற்றனர். எதிர்ப்பு எழவே அக்கம்பெனி அந்நிரலைத் திரும்பப் பெற்றது.

இடைத்தரகரிடம் வாங்கவே கூடாதெனல் எம் கருத்தன்று. நிறுத்தப்பட்ட சில்லுகளை உற்பத்தியாளரின் உரிமை பெற்றே விற்கும் ராச்செஸ்டர் போன்ற நிறுவனங்களும் உண்டு. முதலில் அவற்றை நாடுக. கம்பி, இணைப்பான், மின்தடை போன்ற எளிய பொருள்களுக்குச் சென்னை ரிச்சி தெருவும் பெங்களூர் எஸ்.பி. ரோடும் மாணவர்க்குப் பெருந்துணை. ஆனால் பிறர் உயிரும் நலமும் பொருந்திய இடத்தில், வந்த வழி தெரியாத சில்லைச் சோதியாமல் வைப்பது அறமன்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். தரகர் பையிலுள்ள சில்லுகளுக்கு அவ்விதி செல்லாது. ஒவ்வொன்றையும் சோதித்தல் வேண்டும்.

முடிவுரை

நிற்க, நம் நாற்பது கருவிகள் என்னாயின என்று வினவுவார்க்கு ஒரு சொல். நாம் மருத்துவமனையாரிடம் நிகழ்ந்ததை ஒளியாது கூறி, தவணை கேட்டோம். அவர்கள் பொறுத்தனர். பலகையை மீண்டும் வரைந்து, இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் வெப்பமானிச் சில்லுகளுக்கு இடம் வைத்தோம். விநியோகஸ்தரிடம் கைவசம் இருந்ததை வாங்கிப் பொருத்தினோம். ஒவ்வொரு கருவியையும் பனிக்கட்டியில் ஒரு முறையும், 8 டிகிரி நீரில் ஒரு முறையும் சோதித்து, 2022-இல் அனுப்பினோம். எட்டுத் திங்கள் தாமதம். முன்னே செய்த பலகைகள் யாவும் வீண். ஆனால் எந்தப் பெட்டியிலும் பொய்யுரைக்கும் கருவி இல்லை.

மாணாக்கர்காள், உங்கள் நோட்டுப் புத்தகத்தில் மின்சுற்றுப் படத்திற்கு எதிர்ப் பக்கத்தில் ஓர் அட்டவணை வரைந்துகொள்ளுங்கள். உறுப்பின் பெயர், செய்வோர், மாற்றாக அமைவது, கையிருப்புள்ள விநியோகஸ்தர், வயது, காத்திருக்கும் வாரங்கள் என்று ஆறு கட்டங்கள் போதும். எந்த வரியில் மாற்று என்னும் கட்டம் வெறுமையாக உள்ளதோ, அங்கேதான் உங்கள் கருவி ஒருநாள் நின்றுபோகும். அவ்வெறுமையை வரையும் நாளிலேயே கண்டுகொண்டால், திருத்துவதற்கு ஒரு பென்சிலும் அழிப்பானும் சாலும். நாமோ அதனை நாற்பது பலகைகள் செய்து முடித்த பின்னரே கண்டோம்.